எண்ணெய்ச் சட்டிக்கு ‘உணர்ச்சி’ப் பெட்டி: சுங்கை சிப்புட் முறுக்குப் பட்டறைக்கு ஆகுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைவரிசையில் வயரிங் சாமான் விற்கும் கடை ஒன்று, மின்சார எண்ணெய்ச் சட்டிக்கான வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தானே கட்டி விற்கிறது. முறுக்கு, ஓமப்பொடி, கச்சாங் பூத்தே (கடலை வகைத் தின்பண்டம்) போடும் சிறு பட்டறைகள்தான் குறி. துண்டுத்தாளில் “மனித மூளைபோல் உணர்ந்து கற்கும்” என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சட்டிக்குக் கோபமும் வராது, சோர்வும் வராது. பட்டறையில் வேலை செய்பவரின் முகத்தைப் பார்த்து மனநிலை அறியும் வேலையும் இதில் கிடையாது. ஆனால் உள்ளே ஓடும் கணக்கு உண்மையானது. கட்டுப்பாட்டுப் பொறியியலில் அதற்கு நல்ல வம்சாவளி இருக்கிறது. அதனால்தான் இந்தப் பெட்டியை மேலோட்டமாகத் தள்ளிவிட முடியவில்லை.

முதலில் சட்டியின் கணக்கு. பத்து லிட்டர் பாமாயில் ஏறக்குறைய 9 கிலோ. அதை 30 டிகிரியிலிருந்து 175 டிகிரிக்கு ஏற்ற 2,700 கிலோஜூல் சுமாருக்கு வேண்டும். மூன்று கிலோவாட் ஹீட்டர் என்றால் வெப்பம் வெளியே போகாத சட்டிக்கே கால் மணி நேரம். நிஜச் சட்டிக்கு இன்னும் கொஞ்சம் கூடும். இதுவரை எந்தக் கருவியும் செய்துவிடும். தொல்லை மாவு விழும்போது ஆரம்பிக்கிறது. அரைக் கிலோ மாவிலிருந்து 175 கிராம் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஆவிக்கே 395 கிலோஜூல் போகிறது. மாவைச் சூடாக்க இன்னும் 90. மொத்தத்தை ஈடுகட்ட ஹீட்டர் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி முழுச் சக்தியில் எரிய வேண்டும். அதற்குள் எண்ணெயின் சூடு இறங்கிவிட்டால் முறுக்கு எண்ணெய் குடிக்கும். கட்டுப்பாடு பதறிப்போய் அதிகம் எரித்துவிட்டால் அடுத்த ஈடு வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும்.

வழக்கமான பிஐடி (PID) கட்டுப்பாட்டுக் கருவி மூன்றைப் பார்த்து முடிவெடுக்கும்: இப்போது எவ்வளவு பிழை, இதுவரை சேர்ந்த பிழை எவ்வளவு, பிழை எந்த வேகத்தில் மாறுகிறது. மூன்றுக்கும் ஆளுக்கொரு எடை, அதாவது எதை எவ்வளவு பொருட்படுத்துவது என்று சொல்லும் பெருக்கெண். ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் அந்தச் சட்டிக்கு, அந்த எண்ணெய் அளவுக்கு, அந்த மின்னழுத்தத்துக்கு அருமையாக ஓடும். பிசகுவது இந்தக் கடைசி இரண்டில்தான். எண்ணெய் பாதியாகக் குறைந்தால் அதே சூட்டில் இரண்டு மடங்கு வேகமாக ஏறும். மின்னழுத்தம் இங்கே 230 வோல்ட், சட்டப்படி 6 விழுக்காடு வரை இறங்கலாம். ஹீட்டரின் சக்தி அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால் அந்த 6 விழுக்காடு 12 விழுக்காடு சக்தி இழப்பாகிவிடும். ட்ரான்ஸ்ஃபார்மருக்குத் தூரமாக, நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் தோட்டப்புற வீட்டுப் பட்டறைகளில் மாலையில் “இன்றைக்குச் சட்டி மந்தமாக இருக்கிறது” என்று சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இங்கேதான் உணர்ச்சிக் கணக்கு வருகிறது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் மோரென், பால்கேனியஸ் இருவரும் 2000-ஆம் ஆண்டில் மூளையின் அமிக்டலா பகுதி எப்படி உணர்ச்சிவழிக் கற்கிறது என்பதற்கு ஒரு கணினி மாதிரி கொடுத்தார்கள். தெஹ்ரானில் காரோ லூக்காஸ் தம் கூட்டாளிகளுடன் சேர்ந்து அதை 2004-இல் கட்டுப்பாட்டுக் கருவியாக்கினார். பெல்பிக் என்று பெயர். மின்மோட்டார், குளிரூட்டி எனப் பல இடங்களில் அதைச் சோதித்திருக்கிறார்கள். சட்டிக்குக் கொண்டுவந்தது மட்டுமே கடைக்காரரின் வேலை.

கணக்கு இரண்டு பகுதி. அமிக்டலா எனப்படுவது உள்வரும் குறிக்கு (சட்டியின் நிலையைச் சொல்லி உள்ளே வரும் எண்) ஓர் எடை கொடுத்து, “இவ்வளவு சூடு கொடு” என்று கூட்டக் கற்கும். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் புறணியைப் பார்த்து எழுதிய இன்னொரு பகுதி, “போதும், குறை” என்று தடுக்கக் கற்கும். ஹீட்டருக்குப் போவது முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்த மீதி. இரண்டுக்கும் ஆசான் ஒரே ஒரு எண்: உணர்ச்சிக் குறி. நிலைமை எவ்வளவு மோசம், எந்தத் திசையில் மோசம் என்பதைச் சொல்லும் எண் அது. ஓர் உதாரணம்: உள்வரும் குறி 0.8, உணர்ச்சிக் குறி 0.6, அமிக்டலா தருவது 0.4 என்றால் பற்றாக்குறை 0.2. கற்கும் வேகம் 0.01 என்று வைத்தால் எடை 0.01 × 0.8 × 0.2, அதாவது 0.0016 ஏறும். அமிக்டலா தருவது உணர்ச்சிக் குறியைத் தாண்டிவிட்டால் அதன் எடை அசையாது. தடுக்கும் பகுதிதான் வளர்ந்து அதை அடக்க வேண்டும்.

அந்த உணர்ச்சிக் குறியை யார் எழுதுகிறார்கள்? பெட்டியைக் கட்டியவர்தான். மூளையிலிருந்து வந்தது கற்கும் முறை மட்டுமே. எதற்குப் பயப்பட வேண்டும் என்பது மனிதர் போட்ட சூத்திரம். ஆகவே இப்படிப்பட்ட எந்தக் கருவியை விலை பேசினாலும் முதல் கேள்வி “கற்குமா” என்பதல்ல, “எதை நல்லது என்று நினைத்துக் கற்கிறது” என்பதே.

இந்தப் பெட்டியில் அந்தச் சூத்திரம் ஓரளவு வெளியே தெரிகிறது. திரையில் நான்கு அமைப்புகள்: குறிவெப்பம், அவசரம், பயம், மறதி. வெப்பம் குறைந்தால் குறைவை அவசரத்தால் பெருக்கும். கூடினால் கூடுதலைப் பயத்தால் பெருக்கிக் கழிக்கும். கடையிலிருந்து வரும்போது அவசரம் 1, பயம் 3. முறுக்குக்கு இது சரியான விகிதம். ஐந்து டிகிரி குறைந்தால் ஓர் ஈடு கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். ஐந்து டிகிரி கூடிக்கொண்டே இருந்தால் சட்டி எண்ணெய் முழுவதும் சீக்கிரம் கறுத்து நுரைக்கும். இரண்டு தவறுக்கும் ஒரே தண்டனை கொடுப்பது சாதாரணப் பிஐடியின் பழக்கம். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு மூன்று என்று பட்டறைக்காரரே மாற்றிக்கொள்ள முடிவதுதான் இந்தப் பெட்டியில் காசுக்குப் பெறுமானமான சங்கதி. வேர்க்கடலைக்கு 150 முதல் 160 டிகிரிக்குள் குறிவெப்பத்தை இறக்கிப் பயத்தை 4 ஆக்கினால் நன்றாக ஓடும். கடலை கருகினால் மீட்க வழியில்லை. பயத்தை 6-க்கு மேல் ஏற்றினால் பெட்டி குறிவெப்பத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழேயே பதுங்கி நிற்கும். அது கோளாறு அல்ல, கேட்டதைச் செய்கிறது.

‘மறதி’ என்ற அமைப்பு மூலக் கணக்கில் இல்லை. அங்கே அமிக்டலாவின் எடை ஏறும், இறங்காது. ஒருமுறை பட்ட பயம் அழியாமல் உள்ளே கிடக்கும், மேலே தடுப்பு மட்டும் வளரும் என்பதுதான் அந்த மாதிரியின் எண்ணம். மூளைக்கு அது பொருந்தலாம். நாள் முழுவதும் ஓடும் சட்டியில், சென்சாரின் சிறு நடுக்கங்களே எடையைத் துளித்துளியாக ஏற்றிவிடும். தடுப்பும் துரத்திக்கொண்டே ஏறும். கடைசியில் பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய விடை எடுக்கும் நிலை. சட்டி காரணமில்லாமல் துள்ளும். எடைகளை மெல்லக் கரைக்கும் மறதி இதற்கு மருந்து. கடைக்காரர் இதைச் சேர்த்திருப்பதைப் பார்த்தால் சட்டியை நின்று பார்த்து எழுதியிருக்கிறார் என்று தெரிகிறது. மறதி பூஜ்யத்தில் வைக்க வேண்டாம். மிக அதிகமாக வைத்தால் ஒவ்வொரு ஈட்டுக்கும் முதலிலிருந்து கற்கும். அப்புறம் பிஐடிக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

இன்னொரு நுணுக்கமும் சரியாக இருக்கிறது. உள்வரும் குறி எதிர்மமானால் ‘ஏற மட்டும் செய்யும்’ எடைகூட இறங்கத் தொடங்கி, கூட்டும் பகுதியும் தடுக்கும் பகுதியும் வேலையை மாற்றிக்கொள்ளும். இந்தப் பெட்டி குறியைப் பூஜ்யத்துக்குக் கீழே விடுவதில்லை. ஹீட்டர் முழு எரிப்பிலோ முழு நிறுத்தத்திலோ முட்டி நிற்கும்போது கற்பதையும் நிறுத்திவிடுகிறது. அது இல்லாவிட்டால் குளிர்ந்த எண்ணெய் ஏறும் அந்தக் கால் மணி நேரமும் பெட்டி “இன்னும் கொடு, இன்னும் கொடு” என்றே கற்று, 175-ஐத் தாண்டி ஓடிவிடும்.

சரியில்லாதது கற்கும் இடைவெளி. விநாடிக்கு ஒருமுறை கற்கும்படி வைத்து விற்கிறார்கள். ஹீட்டர் எரிவதற்கும் சென்சார் அதை உணர்வதற்கும் நடுவே எண்ணெய்ச் சட்டியில் தாமதம் உண்டு. அந்தத் தாமதம் 20 விநாடி என்றால், இருபது விநாடிக்கு முன் செய்ததன் பலனைப் பார்த்து இப்போது செய்வதைத் திட்டும். குற்றம் ஒருவர், அடி இன்னொருவருக்கு. பெரிய சட்டியில் வெப்பம் அலைபோல் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதன் காரணம் இதுதான். சரிசெய்வது சுலபம். எண்ணெய் 100 டிகிரி சுமாரில் அசையாமல் நிற்கும்போது ஹீட்டரை முழுக்கத் திறந்து, திரையில் ஒரு டிகிரி ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். சர்வீஸ் மெனுவில் கற்கும் இடைவெளியை அதைவிட அதிகமாக, சுமார் ஒன்றரை மடங்காக வையுங்கள். 20 விநாடித் தாமதத்துக்கு 30. மெனு 60 வரை போகிறது. பத்து லிட்டர் சட்டிக்குப் போதும்.

புதுப் பெட்டியில் எடைகள் பூஜ்யம் என்பதால் தனியாக விட்டால் ஹீட்டரே எரியாது. அதற்காக முதலில் உள்ளே ஒரு பிஐடி ஓடுகிறது, உணர்ச்சிப் பகுதி பக்கத்தில் நின்று கற்கிறது. பின் படிப்படியாக மாறுகிறது. முதல் நாள் பெரிய ஆர்டர் வேண்டாம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாட்டுவது உசிதமில்லை. கற்றதை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நினைவகத்தில் எழுதுகிறது. இவ்வகை ஃபிளாஷ் நினைவகம் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கும் என்பதால் விநாடிக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதினால் 28 மணி நேரத்தில் அந்த இடம் பழுதாகும். 15 நிமிடம் நல்ல முடிவு.

ஆனால் நினைவிலிருந்து ஒரு வம்பு வருகிறது. நேற்று நிறை சட்டியில் கற்ற எடைகளோடு இன்று பாதி எண்ணெயில் சூடேற்றினால் முதல் ஏற்றத்தில் தாண்டிவிடும். எண்ணெய் அளவை மாற்றிய நாளில் ‘புதிதாய்க் கற்க’ பொத்தானை மூன்று விநாடி அழுத்திவிட்டுத் தொடங்குங்கள். இதைக் கையேட்டில் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பது சரியல்ல. பெட்டியின் மூடியில் ஒட்ட வேண்டிய விஷயம்.

எவ்வளவு கற்றாலும் இந்தப் பெட்டி மாவு விழுந்த பிறகுதான் தெரிந்துகொள்ளும். வெப்பம் இறங்கினால்தான் உணர்ச்சிக் குறி அசையும். அதோடு இது இந்தக் கணத்தைப் பார்த்துக் கற்பது. இப்போது கொஞ்சம் சூடு கூட்டினால் அடுத்த நிமிடம் நன்மை என்ற முன்யோசனை இந்தக் கணக்கில் கிடையாது. “ஈடு போடுகிறேன்” என்று அழுத்த ஒரு பொத்தான், அழுத்தினால் இரண்டரை நிமிடம் முழு எரிப்பு, அதற்கு மேல் கணக்கு பார்த்துக்கொள்ளட்டும் என்று வைத்திருந்தால் எந்த அமிக்டலாவையும்விட முறுக்குக்கு அது உதவும். பலகையில் ஓர் உள்ளீடு காலியாக இருக்கிறது. கேட்டால் போட்டுத் தருவார்களா என்று கடையில் பேசிப் பாருங்கள்.

இனி உடம்பு. மூடியைத் திறந்தால் இஎஸ்பி32 பலகை (கணக்கை ஓட்டும் சிறு கணினி), கே வகைத் தெர்மோகப்பிள் (வெப்பம் அறியும் சென்சார் கம்பி), அதைப் படிக்கும் மேக்ஸ்6675 சில்லு, 40 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் (ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்னணு சுவிட்ச்). மேக்ஸ்6675 கால் டிகிரி நுட்பத்தில் படிக்கும். சட்டிக்கு அது தாராளம். தெர்மோகப்பிள் முனை உறையோடு ஒட்டாத வகையாக இருக்க வேண்டும். ஒட்டிய வகை எர்த் செய்த சட்டியைத் தொட்டால் படிப்பு குதிக்கும். நடுங்கும் படிப்பில் உணர்ச்சிப் பகுதி கண்டதையும் கற்கும். முனையை எண்ணெயின் நடு ஆழத்தில், ஹீட்டர் சுருளைத் தொடாமல், மாவு விழும் பக்கமாக நிறுத்துங்கள். சட்டிச் சுவரில் ஒட்டிவைத்தால் சுவரின் வெப்பம்தான் தெரியும்.

எஸ்எஸ்ஆருக்குக் கொடுத்த அலுமினியத் தகடு போதாது. மூன்று கிலோவாட் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். எஸ்எஸ்ஆருக்குள் ஒன்றரை வோல்ட் விழுந்தால் 20 வாட் வெப்பம் அந்த மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளேயே நிற்கிறது. துடுப்புள்ள பெரிய தகட்டைப் பெட்டியின் வெளிப்பக்கம் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். காற்றுக்கென்று பெட்டியில் ஓட்டை போடாதீர்கள், எண்ணெய்ப் புகை உள்ளே படியும். 13 ஆம்பியர் என்பது மூன்று முனை பிளக்கின் எல்லையே. மணிக்கணக்கில் ஓடும் சட்டியைப் பிளக்கில் விட்டால் பிளக் கருகும். தனி லைன், 20 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் வெட்டும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவில் வெட்டும் சுவிட்ச்), சான்று பெற்ற வயர்மேன்.

எல்லாவற்றிலும் பெரிய குறை: தனி உச்சவரம்புத் தெர்மோஸ்டாட் இல்லை. 195 டிகிரியில் பெட்டி கத்தும், ஹீட்டருக்குப் போகும் கட்டளையை நிறுத்தும். மற்ற நோக்கங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவசரத்தைக் கவனிக்க வைக்கும் இடைமறிப்பே உணர்ச்சியின் வேலை என்று அமெரிக்க ஆய்வாளர் ஹெர்பர்ட் சைமன் 1967-இல் எழுதினார். அந்த அர்த்தத்தில் பார்த்தால் பெட்டியில் உண்மையான பயம் இந்த 195 டிகிரிக் கத்தல்தான். ஆனால் எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் மின்சாரம் பாயும்படி மூடிய நிலையில் கெடும். கட்டளை நின்றாலும் ஹீட்டர் எரியும். தெர்மோகப்பிள் கம்பிகள் இடம் மாறினால் எண்ணெய் சூடாகச் சூடாகத் திரையில் வெப்பம் இறங்கும். பெட்டி முழுச் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும், கத்தாது. பாமாயில் 230 டிகிரி சுமாரில் புகைய ஆரம்பிக்கும், அதற்கு மேல் தீ. எனவே 220 டிகிரியில் அறுந்து, கையால் அழுத்தினால்தான் மீளும் தெர்மோஸ்டாட் ஒன்று, அதன் வழியாக ஒரு காண்டாக்டர் (மின்சாரத்தை வெட்டும் பெரிய ரிலே). எஸ்எஸ்ஆருக்கு முன்னால் வரிசையில். எந்தக் கணினியையும் கேட்காமல் மின்சாரத்தை வெட்ட வேண்டும். இது இல்லாமல் பெட்டியை வாங்க வேண்டாம். கடை மாட்டித் தராவிட்டால் வயர்மேனிடம் கேட்டு மாட்டுங்கள்.

மாட்டியதும் சோதிக்கும் முறை: எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது தெர்மோகப்பிள் முனையை வெந்நீர்க் குவளையில் விடுங்கள், படிப்பு ஏற வேண்டும். ஒரு கம்பியைக் கழற்றுங்கள், பிழை காட்டி ஹீட்டர் அணைய வேண்டும். இரண்டும் சரியென்றால் எண்ணெயில் 100 வரை, பிறகு 140, பிறகு 175 என்று ஏற்றி, தனியாக ஒரு வெப்பமானியால் ஒப்பிடுங்கள்.

யாருக்கு ஆகும்? காலையில் முறுக்கு, மதியம் ஓமப்பொடி, மாலையில் கடலை என்று ஒரே சட்டியில் மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கு, எண்ணெய் மட்டமும் மின்னழுத்தமும் மாறும் இடத்துக்கு ஆகும். ஒரே பண்டம், ஒரே எண்ணெய் அளவு என்றால் தானே அளவெடுத்து எடை வைக்கும் சாதாரணப் பிஐடி கருவி இதன் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது, அதுவே போதும். காஸ் அடுப்புக்கு இது பொருந்தாது. ஆலையில் வேலை செய்யும் சிலர் இதைப் பாய்லருக்கும் ஸ்டெரிலைசருக்கும் பயன்படுத்தலாமா என்று கடையில் விசாரிக்கிறார்களாம். கூடவே கூடாது. நீராவிக் கலனில் தானாக எடை மாற்றிக்கொள்ளும் கணக்குக்கு இடமில்லை, அங்கே டோஷ் (தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) சான்றும் தகுதியுள்ள ஆளும் வேண்டும்.

உத்தரவாதத்தைவிட முக்கியமாகக் கேட்டு வாங்க வேண்டியவை: வயரிங் வரைபடம், உணர்ச்சிக் குறியின் சூத்திரம் ஒரு தாளில், மாற்றுத் தெர்மோகப்பிள் ஒன்று. சூத்திரத்தைத் தர மறுத்தால் அவசரம், பயம் எண்களை மாற்றும் ஒவ்வொரு முறையும் இருட்டில் தடவ வேண்டியிருக்கும். தெர்மோகப்பிள் தீபாவளி வாரத்தில்தான் அறும். அந்த நேரத்தில் ஈப்போவுக்கு ஓட நேரம் இருக்காது.